தபால் எப்ப போய்ச் சேரும்? கிலோமீட்டரப் பாத்து கணக்கு போடாதீங்க

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒண்ணுதான், "எத்தன நாளாகும்?" போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல உக்காந்திருந்த வருஷம் பூரா இதுக்குத்தான் பதில் சொல்லிட்டு இருந்தேன், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், ஸ்பீட் போஸ்ட் மூணு நாள் ஆயிடுச்சு. ஏமாத்துறாங்களா சார்?

யாரும் ஏமாத்தலங்க. உங்க கவர் நம்மள மாதிரி பஸ் ஏறி நேரா போறதில்ல. புக் ஆகி, பையில கட்டி, பிரிக்கிற ஆபீசுக்குப் போயி, அங்க பின்கோடு பாத்து வேற பைக்கு மாறி, அந்த ஊர்ல மறுபடி பிரிச்சு, அப்புறம்தான் போஸ்ட்மேன் கைக்கு வரும். நேரத்த திங்கிறது ரோடு இல்ல, இந்த கை மாறுறதுதான். உள்ளூர்னா 1-2 நாள், ஒரு பெருநகரத்துல இருந்து இன்னொரு பெருநகரத்துக்கு 1-3, ஒரே மாநிலத்துக்குள்ள 1-4, மத்த இடமெல்லாம் 4-5 நாள்னுதான் கணக்கு வச்சிருக்காங்க. புக் பண்ண நாளும் லீவு நாளும் இதுல சேராது. ஓசூர் தாண்டினா ஸ்டேட்டே மாறிடுதே, அதனால உங்களுக்கு மூணு நாள்ல போனது சீக்கிரம்தான்! ரேட்டும் அப்படித்தான், 50 கிராம் வரைக்கும் உள்ளூருக்கு 19 ரூபா, ஊர் தாண்டிட்டா பெங்களூருக்கும் 47, டெல்லிக்கும் 47, ஜிஎஸ்டி தனி (2025 அக்டோபர்ல மாத்தின ரேட் இது).

பாப்பிரெட்டிப்பட்டில இருந்து டெல்லிக்கு வேலை அப்ளிகேஷன், கடைசி தேதி 20 புதன்கிழமை. ரிஜிஸ்டர் போஸ்ட்ல எப்ப போடட்டும்?

மொதல்ல ஒண்ணு, ரிஜிஸ்டர் போஸ்ட்னு தனியா இப்ப இல்லம்மா, 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. கூட 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினா அதுலயே ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுத் தருவாங்க. இப்ப பின்னால இருந்து எண்ணுங்க. 20, 19, 18, நடுவுல 17 ஞாயிறு, அத விட்டுட்டு 16, 15. அஞ்சு நாள் ஆச்சா, அப்ப 14 வியாழக்கிழமை புக் பண்ணாத்தான் விளிம்புல போய் நிக்கும். நான்னா 11 திங்கக்கிழமையே போட்டுடுவேன், அதுவும் காலைலயே, ஏன்னா சாயங்காலம் பை கட்டினதுக்கு அப்புறம் குடுத்தா அது மறுநாள் பைலதான் போகும். லேட் ஆனா கட்டின காச திருப்பிக் கேக்கலாம்னு ரூல் இருக்கு, ஆனா போன வேலைய யாரு திருப்பித் தருவாங்க?

அஞ்செட்டி பக்கம் எங்க கிராமம். ட்ராக்கிங்ல ரெண்டு நாளா ஒரே எடத்துல நிக்குது.

தொலையல, பயப்படாதீங்க. பை ஏறும்போதும் எறங்கும்போதும் ஸ்கேன் பண்ணாத்தான் அங்க எழுத்து மாறும், நடுவுல ஒண்ணும் காட்டாது. உங்க ஊர் கிளை ஆபீசா இருந்தா தினமும் ஒரு பைதான் வரும், அத விட்டா நாளைக்குத்தான். நம்பர் சரியா அடிச்சீங்களானும் பாருங்க, எழுத்தும் நம்பரும் சேத்து மொத்தம் 13, கடைசில IN-னு முடியணும். ஞாயித்துக்கிழமைய கழிச்சுட்டு இன்னும் ரெண்டு நாள் பாருங்க, அதுக்கும் வரலேன்னா புக் பண்ண ரசீதோட புகார் குடுங்க.

டெல்லில இருக்கிற பொண்ணுக்கு நம்ம மல்கோவா ஒரு பெட்டி பார்சல் போடலாமா?

வேணாங்க. மே மாச வெயில்ல நாலஞ்சு நாள், நடுவுல ஒரு ஞாயிறு விழுந்தா ஆறு, அதுக்குள்ள பெட்டில இருந்து சாறு வடிஞ்சு அடுத்தவங்க பார்சலும் நாசம். செங்காயா பறிச்சு வச்சாலும் மூடின பெட்டிக்குள்ள பழுத்துத்தான் தொலையும். ரயில்ல போறவங்க யார்கிட்டயாவது குடுத்து விடுங்க.

பழைய டிஎன்பிஎஸ்சி புக்ஸ திருநெல்வேலில தங்கச்சிக்கு அனுப்பணும், அவசரம் இல்ல.

அப்ப ஞான் போஸ்ட் கேளுங்க, புக் அனுப்பறதுக்குன்னே 2025 மே மாசம் வந்தது. 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோனா 100, வரி தனி. ரோடு, ரயில்லதான் போகும், பிளேன் கிடையாது, ஸ்பீட் போஸ்ட் வேகம் எதிர்பாக்காதீங்க. புக்ல அச்சகம் பேரோ பதிப்பகம் பேரோ இருக்கணும், ஜெராக்ஸ் நோட்ஸ உள்ள சொருகாதீங்க.