ஆட்டத்துக்கு முன் அச்சான தாள்

கேள்வி: இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கும் ‘புரோகிராம்’ புத்தகங்களைச் சில கிளப்புகள் நிறுத்திவிட்டதாகவும், ரசிகர்கள் அதற்காக வருந்துவதாகவும் படித்தேன். ஆடுபவர் பெயர், புள்ளிப்பட்டியல், பேட்டி எல்லாம் இப்போது போனிலேயே வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்கு இந்த ஒப்பாரி? இன்னொரு பக்கம், பழைய புரோகிராம் ஒன்று ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போனதாம். இது வெறும் வியாபாரம்தானே? அப்படியும் ஒருவர் புதிதாகச் சேர்க்க நினைத்தால் எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போனில் வருவதாக நீங்கள் அடுக்கிய எதற்காகவும் அங்கே யாரும் அழவில்லை. ஆடும் பதினொருவர் யார் என்பது ஆட்டம் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் அறிவிக்கப்படுகிறது. சில நாள் முன்பே அச்சுக்குப் போகும் புத்தகத்தில் அது முழுக்கச் சரியாக இருக்க வழியில்லை. அந்தக் காலத்திலும் இதே கதைதான். நடுப்பக்கத்தில் அச்சான பெயரை அடித்துவிட்டு, ஒலிபெருக்கியில் கேட்ட பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். பட்டியல் பிசகும் என்று தெரிந்தேதான் தலைமுறை தலைமுறையாகக் காசு கொடுத்து வாங்கினார்கள். அப்படியென்றால் எதற்காக வாங்கினார்கள் என்பதல்லவா கேள்வி?

ஒரு ஆட்டத்தைப் பற்றி நாம் பின்னாளில் படிப்பது பெரும்பாலும் முடிவு தெரிந்தபின் எழுதப்பட்டது. வென்றவன் வெல்வான் என்று முன்பே தெரிந்ததுபோலவும், தோற்றவனின் ஓட்டைகள் எல்லாம் கண்ணுக்குப் பட்டதுபோலவும் எழுதுவார்கள். புரோகிராமில் அந்தச் சலுகை கிடையாது. மேலாளர் தன் பத்தியில் சொன்ன நம்பிக்கை, கிளப் தலைவர் டிக்கெட் விலைக்குச் சொன்ன சமாதானம், புதிதாகச் சேர்ந்த பையனின் படம் எல்லாமே மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் விசில் ஊதுவதற்கு முன் கிளப்பே தன் வாயால் சொன்னவை. நம் ஊர்த் திரையரங்குகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கம் பாதியில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். அங்கே எழுதியவருக்கு முடிவு தெரியும். புரோகிராம் எழுதியவருக்கு அதுவும் தெரியாது. அந்தத் தாளின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

1958 பிப்ரவரி 8, சனிக்கிழமை. ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட், லீகில் முதலிடத்தில் இருந்த வோல்வ்ஸ் அணியோடு மோதுவதாக இருந்தது. புரோகிராம் அச்சாகிவிட்டது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பிய யுனைடெட் அணியின் விமானம், எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கி, மீண்டும் கிளம்பும்போது நொறுங்கியது. இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். சனிக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை. அச்சான பிரதிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். தப்பியவை மிகச் சில. அவற்றில் ஒன்றைத் திறந்து படிப்பவருக்கு, அந்த விபத்து இன்னும் நடக்கவில்லை.

விபத்து நடந்து பதின்மூன்றாவது நாள், பிப்ரவரி 19, அதே மைதானத்தில் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியோடு எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துப் போட்டி) ஆட்டம். மேலாளர் மாட் பஸ்பி மியூனிக் மருத்துவமனையில் கிடந்தார். துணை மேலாளர் ஜிம்மி மர்ஃபி கிடைத்தவர்களைக் கொண்டு அணி திரட்டினார். ஸ்டான் குரோதர் என்ற ஆட்டக்காரர் ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். புரோகிராமின் அட்டையில் ‘யுனைடெட் தொடர்ந்து நடக்கும்’ என்ற பொருளில் கிளப் தலைவர் ஹரால்டு ஹார்ட்மனின் செய்தி. உள்ளே, எதிரணியின் பதினொரு பெயர்களும் அச்சாகியிருந்தன. யுனைடெட்டின் பக்கத்தில் பதினொரு வெற்றிடங்கள். மைதானத்தில் ஏறத்தாழ 60,000 பேர். பெயர்களை அறிவிக்க அறிவிக்கப் பலர் அந்த இடங்களில் கையால் எழுதிக்கொண்டார்கள். யுனைடெட் 3-0 என்று வென்றது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 21 வயது டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் இறந்தார்.

இதைப் போனில் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எந்தச் செயலியும் வெற்றிடத்தை விட்டுவைக்காது. பெயர் வந்த நொடியில் நிரப்பிவிடும். நிரப்பியபின், அங்கே ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கான தடயமே இருக்காது. நீங்கள் போனின் பெருமையாகச் சொல்லும் உடனடித் திருத்தம்தான் இங்கே அதன் குறை.

புரோகிராம் வெறும் படிக்கும் பொருளாகவும் இருக்கவில்லை. மற்ற ஊர்களில் நடக்கும் ஆட்டங்களின் இடைவேளை நிலவரத்தை மைதானத்தின் ஓரப் பலகையில் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு, பக்கத்தில் கோல் எண்ணிக்கையை மட்டும் மாட்டுவார்கள். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்பது புரோகிராமில் மட்டும்தான் இருக்கும். கையில் இல்லாதவன் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். 1960, 70களில் சில கிளப்புகள் ஒவ்வொரு இதழிலும் ஒரு டோக்கன் அச்சிட்டன. வெட்டி ஒட்டிச் சேர்த்தவருக்குத்தான் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. அதனால்தான் அந்தக் காலத்துப் பிரதிகளில் பல ஒரு மூலை வெட்டுப்பட்டு வருகின்றன.

இனி, ஏன் நின்றது என்பதற்கு வருவோம். பிரீமியர் லீகுக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளின் 72 கிளப்புகள், ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்துக்கும் புரோகிராம் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2018 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி நீக்கிக்கொண்டன. அதன்பின் அவரவர் விருப்பம். சிலர் மின்பதிப்புக்குப் போனார்கள், சிலர் பல ஆட்டங்களுக்கு ஒன்றாகப் புத்தகம் போட்டார்கள், சிலர் விட்டேவிட்டார்கள். சொன்ன காரணம் செலவும் சரிந்த விற்பனையும். அதில் உண்மை இருக்கிறது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும் முன்பே அச்சுக்கூடத்துக்கு எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். மழை பெய்து ஆட்டம் தள்ளிப்போனால் அத்தனையும் எடைக்குத்தான்.

ஆனால் அந்தச் செலவை ஏற்றியது யார்? கிளப்புகள்தான். பளபளப்புத் தாளில் அறுபது எழுபது பக்கம், பாதி விளம்பரம், மீதியில் விளம்பரத் துறை வடிகட்டிய பேட்டி. படிக்க ஒன்றும் இல்லாத புத்தகத்துக்கு மூன்று நான்கு பவுண்டு விலை வைத்துவிட்டு, ரசிகர் வாங்குவதில்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. இரண்டாம் உலகப் போரில் தாளுக்கே பங்கீடு இருந்தபோது, ஒற்றைத் தாளை மடித்து நான்கு பக்கமாகக் கொண்டுவந்தார்கள். குண்டு விழுந்த நகரங்களில் முடிந்தது இன்று முடியாதா? மடித்த ஒரு தாள் போதும். இரு அணிகள், நடுவர் பெயர், மேலாளரின் அரைப் பக்கம், அந்த வாரம் காலமான பழைய ரசிகர் ஒருவருக்கு நாலு வரி. எனக்குக் கோபம் அவர்கள் தடித்த புத்தகத்தை நிறுத்தியதில் இல்லை, இந்த ஒற்றைத் தாளைக்கூட யோசித்துப் பார்க்காமல் கைவிட்டதில்தான்.

இழப்பு பெரிய கிளப்புகளுக்கு இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பரி என்ற ஊரின் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் தொடங்கி, 1900, 1903 என இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். கடனில் மூழ்கி 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அதன் கிக் லேன் மைதானம் சில ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. அப்படியொரு கிளப்பின் ஒரு சாதாரணச் சனிக்கிழமை எப்படி இருந்தது, எந்தக் கசாப்புக் கடைக்காரர் பந்துக்குக் காசு கொடுத்தார், எந்தச் சிறுவன் அணியோடு கைகோத்து நடந்தான் என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் வீட்டு அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. கிளப்பின் இணையதளம் கைமாறினால் பழைய பக்கங்கள் போய்விடும். பெட்டியில் கிடக்கும் தாளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஏலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1882 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் புரோகிராம் 2013இல் சோதபீஸ் ஏலத்தில் 35,250 பவுண்டுக்குப் போனது, ஏறத்தாழ 30 லட்சம் ரூபாய். ஓல்டு எட்டோனியன்ஸ், பிளாக்பர்ன் ரோவர்ஸ் மோதிய ஆட்டம். ஒரே ஒரு தாள். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு முதலீடாகச் சேர்க்க வருபவர்களை நான் ஊக்குவிக்க மாட்டேன். 1970களுக்குப் பிந்தைய புரோகிராம்களில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சானவை, ஏராளமானோர் பத்திரப்படுத்தியவை. வாங்கிய விலைக்கே போனால் அதிகம். பணம் போட்டுப் பணம் எடுக்க வேறு வழி பாருங்கள்.

சேர்க்கத்தான் ஆசை என்றால், ஒரு சிறிய கிளப்பைப் பிடியுங்கள், அதில் ஒரே ஒரு பருவத்தின் சொந்த ஊர் ஆட்டங்களை முழுதாகத் திரட்டுங்கள். வரிசையாகப் படித்தால், பருவம் தொடங்கும் ஆகஸ்டில் பேசிய பேச்சு மார்ச்சில் எப்படி மாறுகிறது என்பது தெரியும். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் பிரதி என்று யாராவது நீட்டினால் அவசரப்படாதீர்கள். அதற்கு மறுஅச்சுகள் நிறைய உலவுகின்றன, தாளையும் அச்சையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். துருப்பிடித்த பின்னை நீங்களே பிடுங்கினால் நடுத்தாள் கிழியும், கைபழகியவரிடம் கொடுங்கள். டோக்கன் வெட்டிய பிரதி, பேனாக் கிறுக்கல் உள்ள பிரதி இவற்றுக்குச் சந்தையில் விலை குறைவு. அந்தக் கிறுக்கல் ஒரு ரசிகர் அன்றைய ஆட்டத்தில் மாற்றி எழுதிய பெயர்கள் என்றால், நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்.