தோட்டம் கேள்வி – பதில்: பொறி வைத்தும் குறையாத ஜப்பானிய வண்டு

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிறோம். ஜூலையில் ரோஜா, திராட்சை, பீன்ஸ் இலைகளை ஒரு வண்டு அரித்து நரம்பை மட்டும் விட்டுவைக்கிறது. தலை பச்சை, முதுகு செம்பு நிறம். பொறி மாட்டினோம். பை நிறைகிறது, செடியில் வண்டு குறையவில்லை. ஏன்?

பதில்: இது ஜப்பானிய வண்டு. உடலின் இரு ஓரங்களிலும் ஐந்தைந்து வெள்ளை முடிக்கற்றைகள், பின்பக்கம் இன்னும் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1916-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதலில் தென்பட்டது. 300-க்கு மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும்.

பொறியைக் கழற்றிவிடுங்கள். அதில் பூ மணமும் பெண் வண்டின் வாசனையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வண்டுகளெல்லாம் அதற்குத்தான் வருகின்றன; ஆனால் பாதி வழியில் உங்கள் ரோஜாவைக் கண்டால் அங்கேயே இறங்கிவிடும்.

கையால் பிடிப்பதே மேல். ஒரு வாளியில் பாதி தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. விடியற்காலைக் குளிரில் வண்டு மந்தமாக இருக்கும். தொட்டால் பறக்காமல் கீழே விழும். வாளியை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். ஜூலைத் தொடக்கத்திலிருந்தே தினமும் செய்ய வேண்டும். கடிபட்ட இலையின் வாசனை மற்ற வண்டுகளை அழைக்கும் என்பதால், முதலில் வரும் பத்தைப் பிடிப்பது பின்னால் நூறைப் பிடிப்பதை விட லாபம்.

கேள்வி: புல்தரை திட்டுத் திட்டாகக் காய்கிறது. இதே வண்டா?

பதில்: காய்ந்த இடத்தைப் பிடித்து இழுங்கள். பாய் போலச் சுருண்டு வந்தால் வேரை வண்டின் புழு தின்றிருக்கிறது. ஒரு சதுர அடி மண்ணைப் பெயர்த்து எண்ணுங்கள். C வடிவ வெள்ளைப் புழு பத்துக்கு மேல் இருந்தால் மருந்து தேவை. வேறு இன வண்டுகளின் புழுவும் இப்படித்தான் இருக்கும், மருத்துவம் ஒன்றே.

ஒன்டாரியோவில் 2009 முதல் அழகுக்காகப் பூச்சிமருந்து அடிக்கத் தடை இருக்கிறது. அதற்குப் பதில் நூற்புழு, அதாவது வண்டின் புழுவைக் கொல்லும் மிக நுண்ணிய உயிரி, வாங்கலாம்; 'ஹெட்டரோராப்டிடிஸ் பாக்டீரியோபோரா' என்ற இனமா என்று கேட்டு வாங்குங்கள். வண்டின் புழு சிறிதாக இருக்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில், மண்ணை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். ஊற்றியபின் மறுபடி நீர் விடுங்கள். வெயில் பட்டாலும் மண் காய்ந்தாலும் நூற்புழு செத்துவிடும். பலிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இது புல்லைக் காக்கும். அடுத்த ஜூலையில் பக்கத்து நிலத்திலிருந்து பறந்துவரும் வண்டைத் தடுக்காது.

கேள்வி: சில வண்டுகளின் கழுத்துக்குப் பின்னால் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே?

பதில்: அது ஒட்டுண்ணி ஈயின் முட்டை. அந்த வண்டை விட்டுவிடுங்கள். ஈயின் புழு உள்ளே துளைத்துப் போய் அதைக் கொன்றுவிடும்.