பில் எண்ணில் இருந்த பூஜ்யம் எங்கே போனது?

கேள்வி: எங்கள் மீன் வியாபாரக் கணக்கு கடலூர் முதுநகரில் மைசீக்வல் தரவுத்தளத்தில் இருக்கிறது, புதுச்சேரி கிளையில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். இரண்டையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கி பைத்தான் நிரலில் சேர்த்தால் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று குழப்பம், பில் எண்ணின் முன்பூஜ்யமும் காணோம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வடிவம் கிடையாதா?
வாசகி, கடலூர்

பதில்: இருக்கிறது, பார்க்கே (Parquet) என்ற கோப்பு வடிவம். சிஎஸ்வியில் எது எண், எது தேதி என்ற தகவலே கிடையாது, படிக்கிற மென்பொருள் தானாக ஊகித்துக்கொள்ளும், 00417 அதற்கு வெறும் 417தான். ஜேசான் (JSON) என்ற இன்னொரு எழுத்துக் கோப்பு வடிவம் கொஞ்சம் தேவலை. ஆனால் அதிலும் தேதிக்குத் தனி வகை இல்லை, போதாக்குறைக்கு 9007199254740991ஐத் தாண்டிய முழு எண்ணை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை துல்லியமாக வைத்துக்கொள்ளாது. பேசாமல் பார்க்கே கோப்பாக எடுங்கள், ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா, எழுத்தா, தேதியா என்ற வகை கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். கோப்பாக இல்லாமல் கணினியின் நினைவகத்தில் இதே வேலைக்கு 2016இல் வந்தது அப்பாச்சி ஆரோ. பைத்தான், ஜாவா, ஆர், ரஸ்ட் என்ற நிரல் மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு, மொழிக்கு மொழி மாற்றி எழுதும் வேலை மிச்சம். (உங்கள் கணக்குக்கு அதை நேரடியாகத் தொட வேண்டியிருக்காது.) அப்புறம், கோப்பு மாற்றுவதற்கு முன்பே இரண்டு கிளையிலும் பில் எண்ணை எழுத்து வகையாகவும், ரூபாயை டெசிமலாகவும் (துல்லியமான தசம எண் வகை), தேதியை 2025-04-03 (ஆண்டு-மாதம்-நாள்) என்றும் வைத்துவிடுங்கள், மூலத்திலேயே தப்பாக இருந்தால் பார்க்கே அதை அப்படியே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.