நடைப்பயிற்சி இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. எச்பிஏ1சி (கடந்த மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.1 வந்திருக்கிறது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒவ்வொரு முறையும் ஆர்வமாகத் தொடங்கி இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறேன். எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள். 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

‘தினமும் நடப்பேன்’ என்பதில் எப்போது, எங்கே என்பது இல்லை. அதனால் நடப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து களைத்து வரும் வேளையில் அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் நடப்பேன்.’ எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு நடையைச் சேர்த்துவிட்டால், தனியாக நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சாப்பிட்டபின் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் உங்களுக்கு இது இரட்டை லாபம்.

உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று திட்டமிட்டவர்கள், வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிடக் கணிசமாக அதிகம் சாதித்திருந்தார்கள்.

அப்புறம், பலரும் தவறவிடுவது தடைகளுக்கான திட்டத்தை. போன தடவை எதனால் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். மழையா? மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே நடப்பேன். வீடு திரும்பத் தாமதமா? தாமதமானால் ஐந்து நிமிடமாவது நடப்பேன். காய்ச்சலா? அன்று ஓய்வு, உடம்பு தேறியதும் பழையபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இவற்றை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மனதுக்குள் வைத்திருப்பது களைப்பில் நழுவிவிடும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254. ஆக, பழக்கம் படிவதற்கு வெகு முன்பே நீங்கள் கைவிட்டுவிடுகிறீர்கள். ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ‘நேற்றே விட்டுப்போச்சு, இனி எதற்கு’ என்ற எண்ணம்தான் மோசமானது.

உணவு, உறக்கம் எல்லாவற்றையும் இப்போதே ஒன்றாக மாற்றப் பார்க்க வேண்டாம். முதலில் நடை படியட்டும். பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு வாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.