புகைபோக்கி அளவீடு 14% கூடுதல்: முதலில் ஈரத்தைப் பாருங்கள்
நண்பரே, ஈரமுறை கந்தக நீக்கி (சுண்ணாம்புக்கல் கலந்த நீரால் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி) பொருத்தியபின் புகைபோக்கி அளவீடு, எரித்த நிலக்கரியை வைத்துப் போடும் கணக்கைவிட 14% கூடுதல் கார்பன் டை ஆக்சைடு காட்டுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஈரத்திருத்தம் விடுபட்டிருக்கும். 50 டிகிரியில் நிறைவுற்று வரும் புகையில் சுமார் 12% நீராவி. கார்பன் டை ஆக்சைடின் செறிவைக் காட்டும் அனலைசர் வாயுவை உலர்த்தி அளக்கிறது. பாய்வுமானியோ ஈரப்புகை முழுவதையும் அளக்கிறது. இரண்டையும் அப்படியே பெருக்கினால் விடை 1/0.88 மடங்காகும், அதாவது 13.6% கூடிவிடும். உலர் செறிவை 0.88 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மிச்சம் கந்தக நீக்கியின் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது: பிடிபடும் ஒவ்வொரு டன் கந்தக டை ஆக்சைடுக்கும் 0.69 டன் கார்பன் டை ஆக்சைடு. இது உண்மையான உமிழ்வு, அறிக்கையில் தனி வரியாகச் சேருங்கள். எண்களைப் பொருத்துவதற்காக உமிழ்வுக் காரணியை (நிலக்கரிக் கணக்கில், எரியும் நிலக்கரிக்கு இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று வைக்கும் எண்) மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நிலக்கரியில் ஆய்வகம் கண்ட கார்பன் அளவோடு தணிக்கையாளர் ஒப்பிட்டால் அது நிற்காது.