பின்கோடு சென்னை, மாவட்டம் செங்கல்பட்டு: மேடவாக்கத்துக்குக் குடிவந்தவர் ஓட்டை மாற்றுவது எப்படி?

கேள்வி: மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. என் ஓட்டு மயிலாப்பூரில், மனைவியின் ஓட்டு பாளையங்கோட்டையில். விலாசத்தில் சென்னை 600100 என்றுதான் எழுதுகிறோம். ஆன்லைனில் மாவட்டம் சென்னை என்று போட்டால் எங்கள் தொகுதியே வரவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் "நாமெல்லாம் தாம்பரம் தொகுதிப்பா" என்கிறார். எது சரி? மகளுக்கு வரும் மே மாதம் 18 முடிகிறது, அவளையும் சேர்க்க வேண்டும்.

பதில்: பெரியவர் சொல்வது பொய் இல்லை, பழைய கதை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்க தாம்பரம் தொகுதிதான். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் எல்லைக் கோடு போட்டு, 2008இல் அது அமலுக்கு வந்தபோதுதான் சோழிங்கநல்லூர் என்று தனித் தொகுதி பிறந்தது. எண் 27. மேடவாக்கம் இப்போது அதில்தான். 2011இல்தான் முதல் தேர்தல்.

அந்தக் கோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 2008இல் போட்டாலும் கணக்குக்கு எடுத்தது 2001 மக்கள்தொகையை. அப்போது ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள். கண்ணகி நகருக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்த நேரம். செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகள் எழும்பவே இல்லை. கோடு அப்படியே நிற்க, ஒரு பக்கம் கூவம், அடையாறு கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பங்கள், இன்னொரு பக்கம் உங்களைப் போல கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர்கள் என்று உள்ளே ஜனம் வந்துகொண்டே இருந்தது. 2021 தேர்தலில் 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், மாநிலத்திலேயே அதிகம். சென்னை துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் தலா ஒரு எம்எல்ஏதான், என்னைக் கேட்டால் இது நியாயமே இல்லை.

சரி, உங்கள் விஷயம். தேர்தல் கணக்கில் சோழிங்கநல்லூர் தொகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது, அதனால் ஆன்லைனில் மாவட்டம் செங்கல்பட்டு என்று கொடுங்கள். எம்பி தொகுதி மட்டும் தென் சென்னை. உள்ளாட்சியில் நீங்கள் மேடவாக்கம் ஊராட்சி. அடுத்த ஊரான பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியின் பெருங்குடி மண்டலம். அவர்களுக்கும் உங்களுக்கும் எம்எல்ஏ ஒருவர்தான், குப்பை அள்ள வருவது மட்டும் வேறு வேறு வண்டி.

ஓட்டை மாற்ற படிவம் 8 போதும். நிறைய பேர் புதுசாகச் சேருவது போல படிவம் 6 போட்டு, இரண்டு இடத்தில் பெயர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். 6 முதல்முறை சேர்பவர்களுக்கு. நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு படிவம் 8 போடுங்கள், "குடியிருப்பு மாற்றம்" என்பதில் "வேறு தொகுதியிலிருந்து" என்பதைத் தேர்வு செய்யுங்கள். அடையாள அட்டை எண் மாறாது. பழைய இடத்தில் பெயரை எடுக்கத் தனியாக மனு வேண்டாம், ஆனாலும் ஒரு மாதம் கழித்துப் பழைய வாக்குச்சாவடிப் பகுதியின் (பாகம்) பட்டியலைத் திறந்து பெயர் போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

இதில் ஆட்கள் தடுக்கி விழுவது முகவரியில்தான். பத்திரத்தில் சர்வே எண், மின் அட்டையில் மனை எண், வாசல் போர்டில் அபார்ட்மென்ட் பெயர், இப்படி மூன்றும் மூன்று விதமாக இருந்தால், சரிபார்க்க வரும் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தெருவில் நின்று யாரிடம் விசாரிப்பார்? எந்த ஆவணத்தை இணைக்கிறீர்களோ அதில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் பிளாக், மாடி, கதவு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். வாட்ச்மேனிடம் உங்கள் பெயரைச் சொல்லி வையுங்கள். வீடு பூட்டியிருந்தாலும் வாட்ச்மேன் "அப்படி யாரும் இல்லை" என்றாலும் மனு அங்கேயே நின்றுவிடும்.

மனைவியின் ஓட்டு "ஊரிலேயே இருக்கட்டும், பொங்கலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். சட்டம் பார்ப்பது வழக்கமாக எங்கே குடியிருக்கிறோம் என்பதை. சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. அதே காரணத்தால் வாடகைக்கு இருப்பவரும் இங்கே தாராளமாகச் சேரலாம். இரண்டு தொகுதியில் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது, தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

மகளுக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள் (18 முடிந்திருக்கிறதா என்று பார்க்கும் நாள்), இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ம் உண்டு. மே மாதம் 18 முடிந்தால் ஜூலை 1 கணக்கில் வருவாள், மனுவை முன்கூட்டியே போட்டு வைக்கலாம். அவளுக்கு முகவரிச் சான்று தனியாக இல்லாவிட்டால் உங்கள் பெயரில் உள்ள மின் கட்டண ரசீதைக் கொடுக்கலாம். இடையில் ஏதாவது சிக்கினால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடுங்கள், மனு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.