கிரேச்கா ஏன் குழைகிறது?

கேள்வி: ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். விடுதியில் சொந்தச் சமையல். அரிசியைப் போலவே ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கிரேச்கா (பக்வீட் தானியம்) வேகவைத்தால் களியாகிவிடுகிறது. கேன்டீனில் மட்டும் உதிரியாகக் கிடைக்கிறதே, எப்படி?

பதில்: ஊறவைப்பதை முதலில் விடுங்கள். கடையில் விற்கும் பழுப்பு நிறக் கிரேச்காவை ஆலையிலேயே ஆவிகாட்டிக் காயவைத்துத்தான் அனுப்புகிறார்கள். பாதி பக்குவமான அந்த மணியை மறுபடி ஊறப்போட்டால் அடுப்பேறும் முன்பே இளகி, கொதியில் உடைந்துவிடும்.

அடுத்து, பொட்டலத்தைப் பாருங்கள். ‘யாத்ரித்சா’ என்றிருந்தால் முழுமணி. ‘ப்ரதெல்’ என்றால் உடைத்த நொய். அது எவ்வளவு கவனமாக வைத்தாலும் கஞ்சிதான். வெளிர்பச்சையாக இருப்பது ஆவிகாட்டாதது. சீக்கிரம் வெந்து வழவழப்பாகிவிடும், உதிரிக்கு ஆகாது.

கறுப்புத் தோல் ஒட்டிய மணிகளைப் பொறுக்கிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசி, நன்றாக வடியவிடுங்கள். ஈரம் போக வெறும் வாணலியில் 3 நிமிடம் மிதமான தீயில் புரட்டினால் மணம் கூடும். நிறம் கறுக்கும்வரை விட்டால் கசக்கும்.

அளவு இதுதான்: 1 டம்ளர் கிரேச்காவுக்கு அதே டம்ளரால் 2 தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு. வடிப்பதற்கு எதுவும் மிஞ்சக்கூடாது. அடி கனத்த பாத்திரத்தில் கொதிவந்ததும் நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து மூடி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நடுவில் கரண்டி போடவே கூடாது. கிளறக் கிளற மணி உடைந்து பசைவிடும். மூடியை அடிக்கடி திறந்தாலும் ஆவி போய் மேல்மணி வேகாமல் நிற்கும். விடுதி மின்னடுப்பின் தட்டு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், அதனால் 5 நிமிடம் முன்பே அணைத்துவிடலாம். தண்ணீர் வற்றியதா என்று பார்க்க, ஓரத்தில் கரண்டிக் காம்பால் அடிவரை ஒரு குழி போட்டால் போதும்.

இறக்கியதும் 30 கிராம் வெண்ணெய் போட்டு மூடி, பாத்திரத்தைத் தடித்த துண்டால் சுற்றி 15 நிமிடம் விடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். மணிகள் பிரிந்து நிற்பதே இதற்குப் பிறகுதான். வெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ‘வெண்ணெயால் காஷா (வேகவைத்த தானியம்) கெடாது’ என்பது ரஷ்யர்களின் பழமொழி.

அவசரத்துக்கு, கிரேச்கா அடைத்து அப்படியே வேகவைக்கும் 80 கிராம் துளைப் பைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் நிறையத் தண்ணீரில் போட்டு வடிக்கலாம். சொதப்பாது, ஆனால் விலை கூடுதல், மணம் குறைவு.

சாம்பார் ஊற்றிச் சாப்பிடப் பார்க்காதீர்கள், கிரேச்காவின் வறுத்த வாசனையும் சாம்பார்ப் பொடியும் ஒன்றையொன்று கெடுக்கும். பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் காளானும்தான் அதற்குச் சரியான ஜோடி. காலையில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுவதும், ஆறியதில் கேஃபிர் (மோர் போன்ற புளித்த பால்) ஊற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம்.

ஏற்கெனவே குழைந்துபோனதைக் கொட்டிவிட வேண்டாம். 2 கப்புக்கு ஒரு முட்டை, 2 மேசைக்கரண்டி மைதா, நறுக்கிய வெங்காயம், மிளகு சேர்த்துப் பிசைந்து, வடைபோல் தட்டி எண்ணெயில் இரு பக்கமும் சிவக்க விட்டு, ஸ்மெத்தானா (புளித்த பாலேடு) தொட்டுச் சாப்பிடுங்கள்.